ஊர் பெயர் சொல்லாத எச்சரிக்கை

மழைக்காலம் வந்தால் போனில் தினம் ஒரு குறுஞ்செய்தி: அடுத்த 3 மணி நேரத்தில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு. சரி, பெய்யட்டும். முடிச்சூரில் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கும் ஒரே செய்தி என்றால், இருவரும் படிக்காமல்தான் தள்ளிவிடுவார்கள்.

இத்தனைக்கும் கருவி நன்றாகவே இருக்கிறது. 2023 அக்டோபரில் செல் பிராட்காஸ்ட் சோதனை நடந்து போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகப் போகும், நெரிசலில் மாட்டும். இது டவரிலிருந்து வானொலி மாதிரி பரவுவது. அந்த டவரின் எல்லைக்குள் இருந்தால் போதும், உங்கள் எண்கூடத் தேவையில்லை. அடையாற்றுக் கரையோரத்துக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்.

இந்த விஷயத்தில் பழைய முறையே தேவலாம். அடையாற்றில் தண்ணீர் விடும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கும்போது வரும் அறிவிப்பைப் பாருங்கள்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர் ஊராகச் சொல்லும். தன் ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் யாரும் எழுந்து உட்காருவார்கள். நகரத்துக்குள் வந்ததும் அது 'அடையாற்றின் இருபுறமும் உள்ள தாழ்வான பகுதிகள்' என்று சுருங்கிவிடும். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது மூழ்கியவை இவைதான். கன அடிக் கணக்கு யாருக்குப் புரியும்? என் தெருவில் இடுப்பளவு வருமா, முதல் மாடி வரைக்குமா? எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

நேரத்துக்கும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதிக்கு வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விட்டது. போன்களில் அலாரம் அடித்தது இரவு 8:11க்கு. அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. அனுப்ப வேண்டியவர்கள் அதுவரை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பரில் கரண்ட் போய், டவர்களும் படுத்த பிறகு, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பலருக்குப் போன் டார்ச் அடிக்கத்தான் உதவியது. அந்த நேரத்துக்குச் சைரனும் மைக்கும்தான் வழி. ஒடிசா கடற்கரையில் 122 இடங்களில் சைரன் கோபுரங்கள் நிற்கின்றன. அடையாறு, கூவம் கரைகளிலும் வைக்கலாமே. தேர்தல் வந்தால் மூலைக்கு மூலை ஸ்பீக்கர் கட்டத் தெரிந்த ஊர்தானே இது!