இழுவைப் படகுகளுக்குச் சோதனை விலக்கா? பரவும் தகவல் தவறு

“பாதுகாப்பு மேலாண்மை முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அமெரிக்கக் கடலோரக் காவல்படை இழுவைப் படகில் ஏறவே முடியாது” என்றொரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

இழுவைப் படகுகளின் சோதனை குறித்து 2016-இல் வெளியான அமெரிக்க ‘சப்சாப்டர் எம்’ விதிகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் காவல்படையே ஆண்டுதோறும் சோதிக்கும். மற்றதான பாதுகாப்பு மேலாண்மை முறையில், அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனம் தணிக்கை செய்யும். குழப்பம் பிறப்பது இங்கேதான். தணிக்கையை யார் செய்தாலும், ஐந்தாண்டு செல்லுபடியாகும் சோதனைச் சான்றிதழைக் காவல்படை மட்டுமே தரும். அதற்குமுன் அதிகாரிகள் படகை நேரில் பார்ப்பார்கள். பிறகும் எப்போது வேண்டுமானாலும் ஏறிச் சோதிக்கலாம். தணிக்கை அறிக்கையைக் கேடயமாக நம்பும் உரிமையாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு விலக்கு உண்டு. எண்ணெயோ அபாயகரமான பொருளோ மொத்தமாக ஏற்றிய மிதவையை இழுத்தால் அதுவும் கிடையாது.