வண்டிக்குதிரைக்குத் தார் ரோடு வேண்டாம்

மதுரைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் என்றால் எம்.ஜி.ஆர். ஸ்டேடியம் இருக்கும் இடம். அங்கே குதிரை கிடையாது. நமக்குக் குதிரைப் பந்தயம் என்றால் மேலூர், சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு ரோட்டில் விடுகிற வண்டிப் பந்தயம்தான். பெரிய குதிரைகள் எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பிவிட்டன என்று சத்தம் கேட்டால் இன்றும் சோற்றை வைத்துவிட்டு ஓடுகிறவன் நான். அந்தப் பாசத்தில்தான் சொல்கிறேன், இதைத் தார் ரோட்டில் நடத்துவதை நிறுத்த வேண்டும்.

பெங்களூரு ரேஸ்கோர்ஸுக்கு மச்சானோடு போயிருந்தேன். அவர் வண்டிக்குதிரை வளர்க்கிறவர். பணம் கட்டுகிற கவுன்டர் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் குதிரைகளை நடத்திக் காட்டுவார்களே, அந்த வளையத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காலைப் பாரு மாப்ள, ஒரு வீக்கம் இல்ல" என்று அவர் சொன்ன குரலில் ஏக்கம் இருந்தது.

அங்கே ஓடுதளம் புல்தரை. ஜாக்கியைச் சேணத்தோடு எடைபோட்டு, குறித்த எடைக்குக் குறைந்தால் ஈயத் தகடு சேர்க்கிறார்கள். ஓடி முடித்ததும் மறுபடி நிறுக்கிறார்கள். குதிரைக்கு எடை குறைந்த அலுமினிய லாடம். சாட்டை வீசவும் கட்டுப்பாடு உண்டு. பந்தயக் குதிரை நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ இருக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கால் தரையில் ஊன்றும்போது அந்த எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அந்த ஒற்றைக் கால் தாங்க வேண்டும். இத்தனை செய்தும் அங்கேயும் கால் முறிந்து குதிரைகள் சாகத்தான் செய்கின்றன. சூதாட்டம் என்று அந்த விளையாட்டைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் குதிரையின் காலுக்கு அவர்கள் படுகிற கவலை நமக்கு வேண்டாமா?

நம் பக்கம் வெயிலில் காய்ந்த தார், இரும்பு லாடம், பின்னால் வண்டி இழுவை. போதாததற்கு இரண்டு பக்கமும் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டே விரட்டுகிறார்கள். மிரண்ட குதிரை வேகமாக ஓடும் என்பது உண்மைதான். அது ஓட்டமில்லை, பயம்.

இது பழைய வியாதி. பாண்டிய நாட்டுக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, கடல் தாண்டி ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பும் தீனியும் இல்லாமல் வருடத்துக்குள்ளேயே செத்துப்போவதாக எழுதி வைத்திருக்கிறார். அவர் மிகைப்படுத்துகிறவர் என்பார்கள். இருக்கட்டும், இதை நான் நம்புகிறேன்.

'ரோட்டில் விட்டால்தான் ஊரே பார்க்கும்' என்பது நியாயமான பேச்சு. ஆனால் காளைக்கு வழி கண்டுபிடித்தோமே! 2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தது, 2017-இல் அதை அனுமதிக்கும் சட்டம் வந்தது. இன்று அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பாமல் ஒரு காளையும் வாடிவாசலுக்கு வராது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்றே அரங்கம் திறந்தார்கள்.

குதிரைக்கு அரங்கம்கூட வேண்டாம். கோடையில் வற்றிய கண்மாயின் உள்பக்கத் தரையில் அனுமதி வாங்கி, உழுது பரம்படித்து, ஒரு வட்டப்பாதை போட்டால் போதும். ஊர்க்காரர்கள் கரைமேல் நின்று கொடியிலிருந்து கொடிவரை முழுப் பந்தயத்தையும் பார்க்கலாம். பைக்குகள் உள்ளே வர முடியாது. மருத்துவர் ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்த பிறகே குதிரையைப் பூட்ட வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு எங்கள் ஊர்க் கமிட்டியில் மச்சானும் நானும் இதைக் கேட்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.