ஆதாரம் கேட்கிறார்கள்

காய்ச்சலுக்கு விடுப்பு கேட்ட ஒரு நர்ஸிடம் மருத்துவமனை நிர்வாகம் பேசிய அந்த ஒலிப்பதிவை நேற்றிரவு மூன்று முறை கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். "காய்ச்சல் மருத்துவமனையில்தான் வந்தது என்று ஆதாரம் கொடுங்கள், சம்பளத்தோடு விடுப்பு தருகிறோம்."

இருபது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள் கேட்கிறேன், என்ன ஆதாரம் கொடுப்பது? இன்ஃப்ளுயன்சா கிருமி உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாளுக்குள் காய்ச்சல் வரும். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை நான் நெபுலைசர் வைத்த நோயாளியா, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இருமியவரா, எந்த நர்ஸால் சொல்ல முடியும்? கொடுக்க முடியாது என்று தெரிந்துதான் கேட்கிறார்கள்.

2009 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. இன்ஃப்ளுயன்சாவில் ஒரு வகையான பன்றிக் காய்ச்சலைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் ஜூன் 11 அன்றே அறிவித்துவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் எங்கள் வார்டில் என்-95 முகக்கவசம் பூட்டிய அலமாரிக்குள்தான் கிடந்தது. டாக்டர்களுக்கு நாளுக்கு ஒன்று, எங்களுக்கு மூன்று நாளுக்கு ஒன்று. பேனாவால் பெயர் எழுதி ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். மூன்றாம் நாள் ரப்பர் நாடா தளர்ந்துவிடும், மூச்சு விடும்போதெல்லாம் மேலே கசிந்து மூக்குக்கண்ணாடி மங்கும். ஒப்பந்தத்தில் வந்த ஆயா அக்காவுக்கு அதுவும் இல்லை. சளிக் கோப்பை கழுவியதும் வாந்தி துடைத்ததும் அவர்தான். முந்தானையை மூக்கைச் சுற்றி இழுத்துக் காதோரம் ஊக்கு குத்தியிருப்பார்.

அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வரவில்லை, இரண்டு நாள் கூலி போயிற்று. மூன்றாம் நாள் உடம்பு கொதிக்கக் கொதிக்க வந்து நின்றார். "வீட்டுக்குப் போங்கள் அக்கா" என்றேன். "போனால் இன்றைக்கும் கூலி இல்லை சிஸ்டர்" என்றார். மதியம் ஆள் போதவில்லை என்று அவரைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். அந்தக் காய்ச்சலில் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம் என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். நான் தடுத்திருக்க வேண்டும். பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

உடனே ஒருவர் ஆராய்ச்சியோடு வருவார், என்-95ம் சாதாரண சர்ஜிக்கல் முகக்கவசமும் ஒன்றுதான் என்று. தெரியும் ஐயா. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 446 நர்ஸ்களை வைத்துச் செய்து 2009ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வைத்தானே சொல்கிறீர்கள்? சர்ஜிக்கல் அணிந்தவர்களில் 23.6 சதவீதம், என்-95 அணிந்தவர்களில் 22.9 சதவீதம் பேருக்கு இன்ஃப்ளுயன்சா தொற்று. பெரிய வித்தியாசம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முகக்கவசத்தை முகக்கவசத்தோடு ஒப்பிட்ட ஆய்வு, முந்தானையோடு அல்ல. அதே ஆய்வை இன்னொரு முறை படியுங்கள். எதை அணிந்தாலும் ஒரே பருவத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு நர்ஸுக்குத் தொற்றியிருக்கிறது. அவர்களிடம் யாராவது ஆதாரம் கேட்டிருந்தால் என்ன கொடுத்திருப்பார்கள்?

தடுப்பூசி போட்டுக்கொள்ளாதது உங்கள் தப்பு என்பார்கள். எங்களில் பலர் தயங்கியது உண்மைதான். அதற்காகச் சம்பளத்தைப் பிடிப்பீர்களா?

தெரிந்துதானே இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். நோயாளியைத் தொடத்தான் வந்தோம், தொட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நோயில் விழுந்தால் குற்றவாளி போல நிற்பதற்கு வரவில்லை. 2020 மார்ச்சில் எங்களுக்காகக் கை தட்டினீர்கள், ஏப்ரலில் விளக்கு ஏற்றினீர்கள். அதே ஏப்ரலில், இதே சென்னையில், கொரோனாவில் இறந்த டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு டூட்டி உடையை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். கை தட்டச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. காய்ச்சல் வந்தால் ஐந்து நாள் படுத்திருக்கச் சம்பளத்தோடு விடுங்கள், ஒப்பந்த ஆயாவுக்கும் சேர்த்து.

இன்று காலை, அந்த ஒலிப்பதிவில் விடுப்பு கேட்ட பெண்ணுக்குப் போன் செய்தேன். பேசி முடிப்பதற்குள் நான்கு முறை இருமினாள். நாளை நைட் டூட்டிக்குப் போகிறாளாம்.