லேக் டிஸ்ட்ரிக்ட் கணவாய்களில் சைக்கிள் ஓட்டலாமா?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் மலைக் கணவாய்ப் பாதைகள் எல்லாமே நடப்பவர்களுக்கு மட்டும்தான், சைக்கிளுக்குத் தடை என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் தகவல் சரியில்லை.

ஃபுட்பாத் எனப்படும், நடப்பவர்களுக்கான பாதையில் சைக்கிளுக்கு உரிமை இல்லை என்பது உண்மை. பிரைடில்வே எனப்படும் குதிரைப்பாதையில் உண்டு. 1968-ஆம் ஆண்டு கன்ட்ரிசைட் சட்டத்தின் 30-ஆவது பிரிவே அதைத் தருகிறது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான். கென்ட்மியர் கிராமத்திலிருந்து ஏறி ஹாஸ்வாட்டர் ஏரிப் பக்கம் இறங்கும் நேன் பீல்டு கணவாய் இப்படிப்பட்ட குதிரைப்பாதைதான். உச்சியை நெருங்கும்போது கல்லும் சரளையுமாக வளைந்து வளைந்து ஏறும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அவ்வளவு அழகான வழியைத் தடை என்று நம்பி யாரும் தவறவிட வேண்டாம்.

நீங்களே சரிபார்க்கலாம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை எடுங்கள். பச்சையில் நீளநீளமான விட்டுவிட்டு வரும் கோடு குதிரைப்பாதை, குட்டிக் கோடுகள் ஃபுட்பாத். அப்புறம், நேரில் போனால் கேட்டுகளிலும் கம்பங்களிலும் அம்புக்குறி இருக்கும்: நீலம் என்றால் சைக்கிள் போகலாம், மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும்.