இரண்டாவது இதழுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

இரவு பதினொன்றே முக்கால். ஹட்டனில் அடிக்கிற மழைக்குத் தகரம் பிய்ந்து போய்விடும் போலிருக்கிறது. நாளை முதலாம் பாடத்துக்குத் தரம் எட்டு. அப்போது வட்ஸ்அப்பில் எங்கள் இதழாசிரியர் அண்ணன்:

"டீச்சர், நடுவுல நாலு பக்கம் காலியா கெடக்கு. காலையில ப்ரெஸ்ஸுக்கு அனுப்பணும். ஏதாச்சும் போட்டு நிரப்பிருங்களேன்."

நிரப்பிருங்களேன்! பக்கம் என்ன சாக்கா, கிடைத்ததைப் போட்டு மிதித்து நிரப்ப?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று. இனி கொட்டித்தான் ஆகவேண்டும். நாங்கள் ஒரு மாத இதழ் தொடங்கியிருக்கிறோம். பெயரைச் சொல்லமாட்டேன், மானம் போகும். தீபாவளிக்கு யோசனை வந்தது, தைப்பொங்கலுக்கு வெளியீடு. இடையில் இருந்த காலத்தில் என்ன செய்தோம் தெரியுமா? லோகோ செய்தோம். மூன்று வாரம்! கொழுந்து போடுவதா, கூடை போடுவதா என்று சண்டை. "இப்ப யாரு கூடை போடுறா, எல்லாம் பைதானே" என்று ஒரு தம்பி சொல்ல, அதற்கு இரண்டு நாள் விவாதம். கடைசியில் மலையும் சூரியனும். பாலர் வகுப்புப் பிள்ளை வரைகிற அதே மலை, அதே சூரியன்.

அப்புறம் மண்டபம். அப்புறம் பதாகை. அப்புறம் பிரதம அதிதி யார், முதற்பிரதி யார் வாங்குவது, யாரை விட்டால் யார் கோபிப்பார். வரவேற்புரை, நயவுரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரலில் மட்டும் பதினோரு பேர். இதழில் எழுதியவர்கள் ஒன்பது பேர். எழுதியவர்களை விடப் பேசியவர்கள் அதிகமாக இருந்த அந்த மண்டபத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. (எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். அது வேறு கதை.)

விழாவுக்கு முன்பு ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்து கேட்டேன்: "ரெண்டாவது இதழுக்கு என்ன வச்சிருக்கோம்?" எல்லோரும் ஏதோ அபசகுனமாகப் பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "மொதல்ல இது வரட்டும் டீச்சர். வந்தா தானா எழுதுவாங்க. பாத்துக்கலாம்."

இந்தப் பாத்துக்கலாம் என்ற சொல்லைச் சட்டம் போட்டுத் தடை செய்யவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 48 பக்கம். அட்டை, விளம்பரம், பொருளடக்கம், தலையங்கம் எல்லாம் போக 40 பக்கம். பக்கத்துக்கு 250 சொல் என்றால் மாதத்துக்கு 10,000 சொல். வருடத்துக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். யார் எழுதுவது? பதினான்கு பேர் தலையாட்டினார்கள். தந்தவர்கள் மூன்று பேர். பக்கத்தைக் குறைக்கலாமே என்றால் நடுவில் பின் அடிக்கிற இதழ் நாலு நாலு பக்கமாகத்தான் போகும். ஒரு கட்டுரை வராவிட்டால் ஒரு பக்கம் குறையாது, நாலு பக்கம் பல்லிளிக்கும். அந்த நாலு பக்கத்துக்குத்தான் இந்த நடுச்சாமத்து அழைப்பு.

முதல் இதழ் நன்றாக வந்தது, மறுக்கவில்லை. வராமல் என்ன செய்யும்? ஒவ்வொருவரும் பத்து வருடமாகப் பெட்டியில் வைத்திருந்த நல்லதை எடுத்துத் தந்தார்கள். பத்து வருடச் சேமிப்பை ஒரே நாளில் செலவழித்துவிட்டு, மறுமாதம் அதே மாதிரி வேண்டும் என்றால்? இரண்டாவது இதழுக்கு வந்தவை பதினேழு கவிதைகள். அதில் பதினொன்று மழை, பனி, கொழுந்து கிள்ளும் அம்மாவின் விரல். அம்மாவின் விரல் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். ஆனால் பதினொன்றிலும் அதே விரல், அதே அட்டைப்பூச்சி, கடைசி வரியில் அதே இரத்தச் சிவப்புத் தேநீர்.

வந்த விதம் இன்னொரு கூத்து. ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்; என் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக எறும்பு ஊர்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தவேண்டும். இன்னொருவர் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார், பாதிப் பக்கம் அவருடைய பெருவிரல். ஒரு அண்ணன் குரல் பதிவாகவே கட்டுரை அனுப்பிவிட்டார், பின்னால் ரைஸ் குக்கர் சத்தத்தோடு. எல்லாம் கடைசி நாள் இரவு. இதை மாற்ற, திருத்த, பிழை பார்க்க யார்? டீச்சர்தானே இருக்கிறார்!

மேடையில் ஒருவர் "நடேசய்யர் வழியில்" என்று முழங்கினார். கைதட்டல். எனக்குக் காது கூசியது. தோட்டத் தொழிலாளருக்காக எழுதிய கோ. நடேசய்யர் 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்குவதற்கு முன்பு என்ன செய்தார்? வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி போல உள்ளே போய் லயத்தை, ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளைப் பார்த்தார், ஆட்களிடம் கேட்டார். எழுதச் சரக்கு இல்லாமல் அவர் லோகோ வரைந்துகொண்டிருக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் என்று ஒருவரும் எழுதிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார். அவர் பெயரை மேடையில் யாரும் சொல்லக்கூட இல்லை.

நாம் தேயிலைக்காரர்கள் ஐயா! தாய்ச்செடியில் வெட்டிய குச்சியைத் தவறணை என்கிற நாற்றுப்பண்ணையில் நிழலும் தண்ணீரும் கொடுத்து மாதக்கணக்காக வளர்த்துத்தானே மலைக்குக் கொண்டு போகிறோம்? நட்ட மறுவாரமே கொழுந்துக்குக் கூடையோடு நிற்கிற துரையைக் கண்டதுண்டா? கொழுந்து வரத் தொடங்கினாலும் ஏழெட்டு நாளைக்கொரு சுற்று. ஒரு மலையில் எடுக்கும்போதே அடுத்த மலை தளிர்த்துக்கொண்டிருக்கவேண்டும். இதழும் அப்படித்தான். முதலாவது அச்சுக்குப் போகும்போது இரண்டாவது முடிந்திருக்கவேண்டும், மூன்றாவது பாதியில் இருக்கவேண்டும். மூன்று கையில் இல்லையென்றால் தொடங்கவே கூடாது. இதைச் சொன்னால் நான் நம்பிக்கை இல்லாதவளாம்.

சேர்த்து வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. சம்பளக் கட்டுரை தக்காளி மாதிரி. 2024 மே தினத்தில் கொட்டகலையில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார்கள், செப்டெம்பரில் அது 1,350ஆக வந்து நின்றது. மே மாதம் எழுதி வைத்ததை ஒக்டோபரில் போட முடியுமா? ஆனால் ஒரு தோட்டத்துக்குத் தமிழில் ஏன் அந்தப் பெயர் வந்தது, காமன் கூத்தில் யார் என்ன வேடம் கட்டினார்கள், பழைய தாலாட்டில் எந்தக் கங்காணியைத் திட்டினார்கள் என்பதெல்லாம் கருவாடு. எத்தனை மாதம் வைத்தாலும் மணம் போகாது. மலையகத்தில் இந்தச் சரக்குக்கா பஞ்சம்? போய்க் கேட்க ஆள் இல்லை, கேட்க நேரம் விடுவாரும் இல்லை.

எனக்கு உண்மையாகவே எரிவது இங்கேதான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தாத்தா இருக்கிறார். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் அவருடைய அண்ணன் குடும்பமும் அடக்கம். அண்ணனுக்குக் கடவுச்சீட்டு வந்தது, இவருக்கு இங்கே பிரஜாவுரிமை. கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகிற கோச்சியில், அதாவது ரயிலில், அண்ணனை ஏற்றிவிட்ட கதையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அண்ணன் எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. "அடுத்த வாட்டி வா, படிச்சுக் காட்டுறேன்" என்றார். அதற்குள் இங்கே தைப்பொங்கல் அவசரம். "இருக்கிறத போடுங்க டீச்சர், கீழ 'தொடரும்'னு போட்டா போச்சு."

போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். மாசி இதழில் தொடரவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் யாரோ ஒருவருடைய நாலு பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பங்குனியிலும் இல்லை. போன வாரம் பேரன் போனிலிருந்து தாத்தாவே எடுத்தார்.

"என்னா புள்ள, எங்கண்ணன இன்னும் கோச்சியிலயே ஒக்கார வச்சிருக்க? எப்ப எறக்கிவிடப் போற?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது இதழாசிரியர் அண்ணன் மறுபடியும் எழுதியிருக்கிறார். "டீச்சர், அந்த நாலு பக்கத்துக்கு மழை பத்தி ஒரு கவிதை?" கீழே கும்பிடுகிற கை இரண்டு.

இல்லை. வெள்ளையாகவே போகட்டும். வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகிறேன். போனை அணைத்துவிட்டுப் போகிறேன். அந்த பிஸ்கட் டின்னில் எத்தனை கடிதம் இருக்கிறதோ, அத்தனையும் கேட்டு எழுதி முடிக்கும்வரை யாருடைய பக்கத்தையும் நிரப்பமாட்டேன். சித்திரை இதழ் வராவிட்டால் வராமல் போகட்டும்.