அடித்தவர்கள் சரி, கையெழுத்துப் போட்டவர்கள்?

போலீஸ் பிடித்துப்போன ஒரு பையன், கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு போட்டோ. 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்' என்று கீழே ஒரு நக்கல். லைக் பிய்த்துக்கொண்டு போகும். லைக் போடுகிறவர்களில் பாதிப்பேர் 2020-இல் சாத்தான்குளம் லாக்கப் கொடுமைக்காகக் கொதித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

கொதித்ததில் தப்பே இல்லை. ஆனால் நம் கோபம் எப்போதும் லத்தி பிடித்தவரோடு நின்றுவிடுகிறது.

கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று ஜூன் 19 அன்று ஜெயராஜையும் அவர் மகன் பெனிக்ஸையும் சாத்தான்குளம் ஸ்டேஷனில் வைத்து இரவெல்லாம் அடித்தார்கள். மறுநாள் நேராகச் சிறைக்கா போனார்கள்? இல்லை. முதலில் அரசு மருத்துவமனை. ரத்தத்தில் நனைந்த லுங்கியை மாற்றி மாற்றிக் கட்டவேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு, சிறைக்கு அனுப்பலாம் என்று அங்கே சான்று கிடைத்தது. அடுத்து மாஜிஸ்திரேட், ரிமாண்ட் ஆனது. அப்புறம் கோவில்பட்டி கிளைச்சிறை. அங்கேயும் கதவு திறந்தது. 22-ஆம் தேதி இரவு மகன் செத்தார். சில மணி நேரத்தில் அப்பாவும்.

மூன்று இடத்தில் ஒருவராவது 'இந்த நிலைமையில் இவர்களை அனுப்ப முடியாது' என்று எழுதியிருந்தால் போதும். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இருந்தவர்களோ போலீஸ்காரர்கள் மட்டும்தான்.

எழுதினால் என்ன ஆகும் என்று பயம் இருக்கும்தான். அதே சாத்தான்குளத்தில் அந்தப் பயத்தோடு எழுதிக்கொடுத்தவரும் உண்டு. உயர்நீதிமன்றம் அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் விசாரிக்கப் போனபோது, 'உன்னால ஒண்ணும் புடுங்க முடியாது' என்று அவர் காதுபடவே ஒரு கான்ஸ்டபிள் சொன்னார். சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது. அந்த இடத்தில், சக போலீசார் வெளியே நிற்க, ஒரு பெண் தலைமைக் காவலர் லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கி, பிறகு போட்டார். ஸ்டேஷனையே வருவாய்த்துறை வசம் ஒப்படைக்கும் நிலைமை வந்தது இந்த விசாரணையில்தான்.

அவரைவிடப் பெரிய பதவியில் இருக்கும் டாக்டருக்கு என்ன வந்தது? மாவுக்கட்டுப் பையனுக்கும் ஒரு டாக்டர் ஓ.பி. சீட்டு எழுதித்தானே தருகிறார்? எலும்பு எப்படி முறிந்தது என்று கேட்டாரா?

சட்டம் இல்லாமல் இல்லை. கைதானவர் கேட்டால் உடம்பில் உள்ள காயங்களைக் குறித்து, அவரிடமும் கையெழுத்து வாங்கி, நகல் தரவேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது 1996-இல். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் அதிலேயே இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்காமல் ரிமாண்ட் செய்பவர்மீது துறைரீதியாக என்ன நடவடிக்கை? பொய்ச் சான்று தந்த டாக்டரின் பதிவை மருத்துவக் கவுன்சில் என்ன செய்யும்? அடுத்த லாக்கப் மரணத்தில் எஸ்.ஐ. சஸ்பெண்ட் என்று செய்தி வந்ததும் அடங்கிவிடாமல், இந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்றும் கேளுங்கள்.