ஓட்டிப் பார்க்காத சாலைக்கு ‘அமைதியான வனத்தடம்’ என்று பெயர் வைக்காதீர்கள்

சைக்கிளில் ஒருமுறைகூடப் போகாத சாலையை ‘அமைதியான வனத்தடம், அனைவருக்கும் ஏற்றது’ என்று எழுதி, சைக்கிள் தடங்களைப் பகிரும் செயலியில் பதிவேற்ற எப்படித்தான் கை வருகிறதோ! கணினித் திரையில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் இடையில் ஒரு கோடு தானாக வந்து விழுகிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர், எங்கிருந்தோ எடுத்த காட்டின் புகைப்படம், ஐந்து நட்சத்திரம். வேலை முடிந்தது. அதை நம்பி விடியற்காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு மலையேறுகிறவர் என்ன பாடுபடுவார் என்று யாருக்குக் கவலை?

மலை என்றால் ஏற்றம் இருக்கத்தான் செய்யும். அதற்காகத்தானே போகிறோம்? குறுகலான தார்ச்சாலை, இரு பக்கமும் மரங்கள், நம் மூச்சும் சங்கிலி ஓடும் சத்தமும் மட்டுமே கேட்கும் ஒரு மணி நேரம். இதைவிடப் பெரிய சுகம் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இல்லை என்பேன். அப்படிப்பட்ட சாலைகள் இருக்கவும் செய்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் தகவலைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

முதலில் இந்தச் சராசரிச் சாய்வு. 5 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 5 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்வு என்று போட்டிருப்பார்கள். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த உயர்வு 250 மீட்டர். வழியில் 2 கிலோமீட்டர் சமதளம் வருகிறது. இன்னொரு கிலோமீட்டர் இறக்கம், அதில் 50 மீட்டர் கீழே போய்விடுகிறோம். மிச்சமிருக்கும் 2 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏறியாக வேண்டும். அதாவது 15 சதவீதம்! சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒருவர் விடாமல் 200 வாட் திறன் கொடுத்து மிதித்தாலும் அந்தச் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர்கூடத் தேறாது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்ற கியரில் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றைத் தொடாது. ஒவ்வொரு மிதியையும் எழுந்து நின்று உடல் எடையைப் போட்டு அழுத்தித்தான் இறக்க வேண்டும். முழங்கால் கெஞ்சும். மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு எவ்வளவு, அது எத்தனை மீட்டருக்கு நீள்கிறது என்ற இரண்டு எண்களைப் போட்டிருந்தால் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்திருப்போம், இல்லையென்றால் வேறு சாலையைப் பார்த்திருப்போம். அந்த இரண்டு எண்களைப் போடுவதில் என்ன கஷ்டம்?

சரி, செயலியே போட்டுக்கொடுக்கும் உயர வரைபடத்தையாவது நம்பலாம் என்றால் அதுவும் காட்டுக்குள் வந்ததும் தடுமாறுகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ஓடத்தில் ரேடாரைப் பொருத்தி 11 நாட்கள் பூமியை அளந்தார்கள். அந்தத் தரவு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் தரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரே உயரம் கொடுத்திருக்கிறார்கள்; நுணுக்கமான பதிப்பிலேயே ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 30 மீட்டர். போதாததற்கு, அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரைவரை முழுதாக இறங்குவதில்லை. ஒரு பகுதி மரங்களின் மேற்பரப்பிலிருந்தே திரும்பிவிடுகிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட குறுகிய சாலைக்கு மேலே இருக்கும் மேடும் கீழே இருக்கும் பள்ளமும் ஒரே கட்டத்தில் கலந்துவிடும். விளைவு? சமமான சாலை ஏறி இறங்குவது போலத் தெரியும். உண்மையிலேயே காலை உடைக்கும் குட்டை ஏற்றம் மழுங்கிக் காணாமல் போகும். பள்ளத்தாக்கைப் பாலத்தில் கடக்கும் இடத்தில், பாலத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தின் அடிவரை இறங்கி ஏறச் சொல்லும். அளவீட்டுக்கு எல்லை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை ஓட்டைகளை வைத்துக்கொண்டு ‘9.3 சதவீதம்’ என்று தசமப் புள்ளியோடு அடித்துச் சொல்வதற்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாலையின் பரப்பைப் பற்றிச் சொல்லும் பொய்யைப் பொறுக்கவே முடியாது. அப்படி ஒரு தடத்தை நம்பி நான் போனபோது, நடுக்காட்டில் ஒரு வளைவு திரும்பியதும் தார் நின்றுவிட்டது. அறிவிப்பு எதுவும் இல்லை. மழைநீர் அரித்த வாய்க்கால்கள், நடுவில் புல், அதற்கு இரு பக்கமும் கூர்மையான ஜல்லி. போட்டிருந்ததோ 28 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒல்லி டயர். முன்சக்கரம் ஒரு கல்லின் விளிம்பில் ஏறி வழுக்கியதும் டயரின் பக்கச்சுவர் கிழிந்து, உள்ளே ஊற்றியிருந்த, ஓட்டையை அடைக்கும் வெள்ளைத் திரவமான சீலன்ட் முழங்கால்வரை தெறித்தது. சிறு முள் குத்தினால் சீலன்ட் அடைத்துவிடும். பக்கச்சுவர்க் கிழிசலை அது அடைக்காது. டயரைக் கழற்றி, கிழிசலுக்கு உள்பக்கமாகத் தின்பண்ட உறையை நான்காக மடித்து முட்டுக் கொடுத்து, டியூபைப் போட்டுக் காற்றடித்தும் அந்தக் கற்களில் ஓட்ட முடியவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. காலணியடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் தேயத் தேயச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வழிகாட்டும் திரையில் அப்போதும் அந்தச் சாலை ‘தார்’ என்றே மின்னிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது தெரியுமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் சாலையின் பரப்பைக் குறிக்கத் தனி இடமே இருக்கிறது. யாரும் நிரப்பாமல் விட்டிருந்தால், வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் சாலையின் வகையைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. ஊகிக்கட்டும். ‘தெரியவில்லை’ என்று ஒரு சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக் காட்டலாமே! தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவதற்கு என்ன நியாயம் சொல்வார்கள்?

அடுத்து, அமைதி. எந்த அடிப்படையில் ஒரு சாலையை அமைதியானது என்கிறார்கள்? நிறைய சைக்கிள்கள் பதிவான சாலையாம்! சைக்கிள்காரர்கள் அதிகம் போன சாலை தடித்த கோடாகத் தெரிகிறது, செயலி அடுத்தவரையும் அங்கேயே அனுப்புகிறது, கோடு இன்னும் தடிக்கிறது. வேறு வழியில்லாமல் எல்லோரும் பிரதான சாலையில் ஓட்டியிருந்தாலும் அது ‘பிரபலமான தடம்’தான். பக்கத்து மலைமடிப்பில் யாருமே போகாத அருமையான சாலை ஒன்று இருக்கும். அதில் பதிவே இல்லை என்பதால் அது எவர் கண்ணுக்கும் படாது. இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றதும் கார்களுக்கு வழிகாட்டும் செயலி அத்தனை வண்டிகளையும் காட்டுச் சாலைக்குள் திருப்பிவிடுகிறது. இரண்டு கார்கள் ஒதுங்கவே இடமில்லாத சாலையில், தாமதமாகிவிட்ட எரிச்சலோடு வரும் ஓட்டுநர்கள் முழங்கையை உரசிக்கொண்டு போகிறார்கள்.

நாளையும் நேரத்தையும் சொல்லாமல் அமைதி என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. வார நாளில் ஈ காக்கை இல்லாத சாலை, விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலாகிறது. மரம் வெட்டும் காலத்தில் இது தலைகீழாகும்: விடுமுறையில் லாரி இருக்காது, வார நாளில் வரிசையாக வரும். லாரிக்காரர் மீது எனக்கு வருத்தம் இல்லை, அவர் தம் வேலையைச் செய்கிறார். ஆனால் கொண்டை ஊசி வளைவில் நீளமான லாரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியே வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தால் அவர் கதி என்ன? தடத்தின் குறிப்பில் ‘லாரிகள் வரும்’ என்று எழுதப் பத்து நொடி போதும். எழுத மாட்டார்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதையும் ஒருவரும் சொல்வதில்லை. வட்டத்தடம் என்றால் எப்படிச் சுற்றினாலும் ஒன்றுதான் என்ற நினைப்பு! செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வு குறைந்த, பார்வை எட்டும் பக்கத்தில் இறங்குவது ஒரு அனுபவம். அதையே திருப்பினால் ஆபத்து. மரநிழல் மூடிய வளைவுகளில் மழை நின்று வெகுநேரம் ஆனாலும் ஈரம் காயாது. பாசி பிடித்திருக்கும், உதிர்ந்த இலை மக்கிக் கிடக்கும். அங்கே முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும், தொடாமல் விட்டால் வளைவைத் தாண்டிப் போய்விடும். அதே 85 கிலோ, 100 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 83 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. மெதுவாக இறங்கினால் காற்றுத்தடையும் அதிகம் உதவாது, பெரும்பகுதியைப் பிரேக்கே வெப்பமாகத் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட சரிவு முழுக்க இறக்கமாக வரும்படி ஒருவர் தடம் போடுகிறார், ‘குடும்பத்தோடு போகலாம்’ என்றும் எழுதுகிறார். குழந்தையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அதில் இறங்கப்போகும் தாயையோ தந்தையையோ நினைத்துப் பார்த்திருப்பாரா?

இதைச் சுட்டிக்காட்டினால் வருகிற பதில், “சாகசம் என்றால் அப்படித்தான் இருக்கும் நண்பரே”. என்ன பேச்சு இது? ஜல்லிச் சாலை என்று தெரிந்து, அகலமான டயர் போட்டு, கூடுதல் தண்ணீரோடு போவது சாகசம். தார் என்று சொல்லிக் கல்லில் தள்ளிவிடுவதற்கு அந்தப் பெயர் வேண்டாம். அனுபவம் உள்ளவர்கள் எப்படியோ சமாளித்து வீடு வந்து சேர்வார்கள். புதிதாகச் சைக்கிள் வாங்கி, வாகனங்களுக்குப் பயந்து காட்டுச் சாலையைத் தேடி வந்தவர் முதல் பயணத்திலேயே மனமொடிந்து வண்டியை மூலையில் சாத்திவிடுகிறார். அதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது.

ஆகவே தடம் போடுகிறவர்களே, ஓட்டிவிட்டு எழுதுங்கள். எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதுங்கள். தார் எங்கே நிற்கிறது, மிகக் கடுமையான ஏற்றம் எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும், சிக்னல் எங்கே அறுகிறது என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் பொது வரைபடத்தில் பரப்பைத் திருத்திவிடுங்கள். கணக்கு ஒன்றைத் தொடங்கினால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். உட்கார்ந்த இடத்தில் வரைந்து வைத்திருக்கும் தடங்களை இன்றே நீக்குங்கள். நீக்க மனம் வரவில்லையென்றால், ‘இதை நான் ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று தலைப்பிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவையுங்கள்.